அவியபேரு

டெல்லிக்கு வந்த முதல் நாளே ஜோதிலிங்கத்துக்குப் பாதிப் பெயர் போய்விட்டது. வடக்கே ஜோதி என்றால் பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். வேலையில் சேரப் போன அன்று அவருடைய காகிதங்களைப் புரட்டிய தலைமைக் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஜோதி தேவி எங்கேப்பா? உன் சம்சாரமா?" என்று ஹிந்தியில் கேட்டார். அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவர் வெறும் லிங்கம். பதினாறு வருஷமாக சர்வீஸ் புத்தகத்தைத் தவிர வேறெங்கும் அவருக்கு முழுப் பெயர் கிடையாது.

ஆபீஸ் லோதி ரோடு பக்கம் இருந்தது. எந்த மாவட்டத்துக் காட்டில் என்னென்ன செடி, கொடி, மரம் இருக்கிறது என்று கணக்கெடுப்பது அந்த ஆபீஸின் தொழில். மனுஷர்களுக்கு ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிற மாதிரிதான். என்ன, செடிகள் வயசைக் குறைத்துச் சொல்லாது, ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்தாது. லிங்கம் அங்கே கள உதவியாளர். காட்டில் ஏறுவது, செடியை வேரோடு எடுப்பது, பழைய நியூஸ்பேப்பருக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைப்பது, டெல்லிக்குக் கொண்டுவந்து கெட்டித் தாளில் ஒட்டுவது, லேபிள் ஒட்டி அந்துருண்டை மணக்கும் அலமாரியில் அடுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. கட்டுரை எழுதுவது கல்யாணராமன் சார். பெயர் அச்சில் வருவது சாருக்கு, முட்டியில் காயம் வருவது லிங்கத்துக்கு என்று வேலையைச் சரியாகத்தான் பிரித்திருந்தார்கள்.

கல்யாணராமனைக் குறை சொல்லவும் முடியாது. நல்ல மனுஷர். டூர் போகும்போது தன் தூக்குச்சட்டியில் இருந்த புளியோதரையை லிங்கத்துக்கும் பங்கு வைப்பார். பிறந்து வளர்ந்தது டெல்லி கரோல்பாக். வீட்டில் தமிழ் பேசுவார்களே தவிர, தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் படித்து, செடிகளைப் பற்றி லத்தீனில் எழுதும் அளவுக்கு உயர்ந்தவர்.

எண்பத்திரண்டாம் வருஷம் மே மாதம் இருவரும் பெரியார் மாவட்டத்துக் காடுகளைக் கணக்கெடுக்கப் போனார்கள். அந்தியூருக்கு மேலே மலை. அடிவாரத்தில்தான் லிங்கத்தின் மாமியார் வீடு. மனைவி அருக்காணியும் பிள்ளைகளின் லீவுக்கு அங்கே வந்திருந்தாள். டாக் பங்களா கிடைக்காத பத்து நாள், இரண்டு பேருக்கும் அங்கேயேதான் சாப்பாடும் படுக்கையும். கொண்டுவந்த செடிகளின் உள்ளூர்ப் பெயர்களை அருக்காணியிடமும் ஊராரிடமும் கேட்டு சார் நோட்டில் எழுதிக்கொள்வார்.

அந்தப் பத்து நாளில்தான் அந்தச் செடி கிடைத்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பாறைச் சந்து. சூரியன் எட்டிப் பார்க்காத இடம். காசித்தும்பைச் சாதியில் ஒரு சின்னச் செடி, இருட்டுக்குள் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. லிங்கம் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினார். மேலேயிருந்து கல்யாணராமன், "ஜாக்கிரதை! ஜாக்கிரதை! வேர் அறுந்துடப் போறது!" என்று கத்திக்கொண்டே இருந்தார். அந்த ஜாக்கிரதை யாருக்குச் சொன்னது என்பதில் லிங்கத்துக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

டெல்லி திரும்பி, எல்லாப் புத்தகங்களையும் புரட்டி, வெளிநாட்டுக்கெல்லாம் எழுதிக் கேட்டு, எட்டு மாசம் கழித்துத்தான் முடிவாயிற்று. இதுவரை உலகத்தில் யாரும் பெயர் வைக்காத செடி அது. புதுச்செடி! கல்யாணராமன் ஆபீஸ் பூராவுக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் லிங்கமும் கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சார், கட்டுரையில எடுத்தவரு பேருன்னு நம்ம பேரையும் ஒரு மூலையில போட முடியுங்களா?" என்று கேட்டுவிட்டார். "ரூல் இல்லையே லிங்கம். டீம் லீடர் பேர்தான் வரணும்" என்றார் சார். "அதனாலென்னங்க சார்" என்று லிங்கம் சிரித்துக்கொண்டே வந்துவிட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று ஒரு மாசம் வரைக்கும் உறுத்திக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்திரிகை அச்சாகும் கல்கத்தாவிலிருந்து கட்டுரையின் அச்சுப்படி வந்தது. திருத்தி வியாழக்கிழமைத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். சார் ஒரு புது லேபிளைக் கொடுத்து, செடியின் மூலத் தாளில் ஒட்டச் சொன்னார். புதுச்செடி ஒன்றுக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயருக்குச் சாட்சியாக ஒரே ஒரு தாளைப் பத்திரப்படுத்துவார்கள். நூறு வருஷம் கழித்துச் சண்டை வந்தாலும் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். பெயர் ஒருமுறை அச்சேறிவிட்டால், தப்பென்று தெரிந்தாலும் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

லிங்கம் பசையைத் தடவிக்கொண்டே இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். லத்தீன் பெயரின் கடைசியில் 'அவியபேரு' என்று இருந்தது. உள்ளூர்ப் பெயர் என்ற இடத்திலும் அதே 'அவியபேரு'. லிங்கம் பிறந்தது காங்கேயம் பக்கத்துக் காய்ந்த பூமி. மலைச்செடிகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் மாமியார் ஊரில் இப்படி ஒரு பெயரை அவர் கேட்டதில்லை.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் அருக்காணி வாசலில் சாயங்கால வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். லிங்கம் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஏம் புள்ள, அவியபேருன்னு ஒரு செடி உங்கூருப் பக்கம் இருக்குதா?"

"கேட்டதே இல்லீங்களே."

"நீதான சொல்லியிருக்கற! சாரு நோட்டுல எழுதி வச்சிருக்காரு. பாறைச் சந்துல இருந்து நான் எடுத்துட்டு வந்தனே, வெள்ளைப் பூவு?"

அருக்காணியின் கை நின்றது. அவள் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த பட்டாணியெல்லாம் படியில் உருண்டு ஓடியது.

"ஐயோ சாமி! அவரு, இதுக்கு என்ன பேரும்மான்னு கேட்டாருங்க. அது அவிய பேருங்க சார்னு சொன்னேன். நீங்க கொல்லையில அடுப்பப் போட்டுக் காகிதம் காய வச்சுட்டு இருந்தீங்க. உங்களப் பாத்துக் கையக் காட்டித்தான் சொன்னேன். அவரும் தலைய ஆட்டிட்டு எழுதிக்கிட்டாரு. வெளங்கிருச்சாக்குமுன்னு நெனச்சேன்!"

கொங்குநாட்டுப் பெண் 'அவிய' என்று மரியாதையாகச் சொன்னால், பெரும்பாலும் அது அவள் புருஷன்தான். அவிய பேரு என்றால் என் வீட்டுக்காரர் பெயர். கல்யாணராமன் வீட்டுத் தமிழில் அவா உண்டு, இவா உண்டு, அவிய கிடையாது. அவரைப் பொறுத்தவரை துவரை, அவரை மாதிரி அதுவும் ஒரு செடியின் பெயர்.

"அப்ப அதுக்கு நெசமான பேரு என்ன?" என்றார் லிங்கம்.

"அதான் சொல்றனே. உங்க பேருதானுங்க அதுக்கும்."

"லிங்கப்பூடா?"

"ம்ஹூம். மொதப் பாதி."

"சோதிப்பூடு?"

அருக்காணி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவள் அம்மா வழியில் வந்த நம்பிக்கை. அருக்காணி அதைக் கொஞ்சமும் குறைக்காமல் டெல்லிவரை கொண்டுவந்துவிட்டாள். டெல்லியிலோ தெருவுக்கு நாலு ஜோதி. அடுத்த குவார்ட்டர்ஸ் பஞ்சாபிக்காரர் மகள் ஜோதியை அவள் 'குடியா', அதாவது பொம்மை, என்றுதான் கூப்பிடுவாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நர்ஸ் புருஷன் பெயரைக் கேட்க, வலியில் துடித்துக்கொண்டே ரேஷன் கார்டை எடுத்து நீட்டினவள். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட வாய் தவறினதில்லை.

"நாளைக்கு மொத வேலையா சாருகிட்டச் சொல்லீருங்க. பாவம், அவரு தெரியாமப் போட்டுட்டாரு" என்று சொல்லிவிட்டுப் பட்டாணி பொறுக்கப் போனாள்.

புதன்கிழமை காலை சார் ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர் சுற்றிக்கொண்டு, டீயும் கையுமாக அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"வாங்கோ லிங்கம். இதைக் கேளுங்கோ. எங்க வேதாந்தம் மாமா இருக்காரே, ரிட்டயர்டு அண்டர் செக்ரட்டரி, தமிழ்ல பெரிய பண்டிதர், அவர்கிட்ட அவியபேருக்கு அர்த்தம் கேட்டேன். அவின்னா யாகத்துல தேவர்களுக்குப் போடற ஆகாரமாம். பேறுன்னா வரம். அவிப்பேறு! வேள்வியோட வரமா முளைச்ச செடி. ரெண்டாயிரம் வருஷத்து வார்த்தை அந்த மலை ஜனங்க வாயில பிழைச்சிருக்கு. அரைப் பக்கம் எழுதியிருக்கேன்!"

அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட லிங்கம் நினைத்தார். ஆனால் அந்த அரைப் பக்கம் அச்சேறி, நாளைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு காலேஜ் பையன் படித்துச் சிரித்தால் அந்தச் சிரிப்பு சாருக்குத்தான். பத்து வருஷம் புளியோதரை கொடுத்த மனுஷர்.

"சார், அது செடி பேரு இல்லீங்க" என்று ஆரம்பித்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

கல்யாணராமன் முதலில் சிரித்தார். பிறகு அரைப் பக்கத்தைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"அவியன்னா ஹஸ்பெண்டா?"

"எங்க பக்கம் அப்பிடித்தானுங்க சார்."

"அப்போ யாகம், வரம்..."

"அது எனக்குத் தெரியலீங்க சார்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. "அச்சா. அப்போ நிஜப் பேர்தான் என்ன?"

இந்தக் கேள்வி வரும் என்று லிங்கத்துக்குத் தெரியும். பஸ்ஸில் வரும்போதே இதற்கு எப்படிப் பதில் சொல்வதென்று யோசித்துக்கொண்டுதான் வந்தார். ஆனாலும் தெரிந்ததைத்தானே சொல்ல முடியும்.

"சோதிப்பூடுங்க."

"பூடுன்னா கார்லிக் இல்லையோ?"

"சின்னச் செடியெல்லாமே பூடுதானுங்க."

"சோதிப்பூடு" என்று சார் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "உங்க ஃபுல் நேம் ஜோதிலிங்கம் இல்லையோ?"

"ஆமாங்க சார்."

"போன மாசம் உங்க பேரைப் போடணும்னு கேட்டேள். ரூல் இல்லேன்னேன். இப்போ செடிக்கே உங்க பேர்."

"சார், நான் அந்த மாதிரி நெனச்சு..."

"உங்க வொய்ஃப் தன் வாயால சோதிப்பூடுன்னு சொன்னாளா?"

"சொல்லலீங்க சார். தலைய ஆட்டுனா."

"தலையை ஆட்டினா" என்றார் கல்யாணராமன் மெதுவாக. "பத்து வருஷமா உங்களைத் தெரியும் லிங்கம். பேர் வேணும்னா நேராவே இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். இப்படிச் சுத்தி வளைச்சு வந்திருக்க வேண்டாம்."

சத்தம் போட்டிருந்தால்கூட லிங்கம் தாங்கியிருப்பார். இந்த மெதுவான பேச்சுதான் சுட்டது. பதினாறு வருஷத்தில் ஒரு செடியின் இடம் மாற்றி எழுதியதில்லை, நாள் மாற்றி எழுதியதில்லை. அவருடைய கைக்கு வந்த தாள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று இதே சார்தான் நாலு பேருக்கு முன்னால் சொன்னார். இப்போது ஒன்று, பொய்ப் பெயர் காலத்துக்கும் அச்சில் நிற்க வேண்டும், இல்லையென்றால் அவர் தன் பெயருக்கு ஆசைப்பட்டுப் பொய் சொன்னவராக நிற்க வேண்டும். வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சாப்பாடு வேண்டாம் என்றார். அருக்காணி விடாமல் கேட்டு விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள்.

"உங்களப் பொய்யிங்கறாரா?"

"வாயால அப்பிடிச் சொல்லல."

"வேற எப்பிடித்தான் சொல்லுவாங்களாம்?" அவளுக்கு மூக்கு விடைத்தது. அப்புறம் வெகுநேரம் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தபாலு எத்தன மணிக்குங்க?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள். மூணு மணிக்கு என்றார். "வெசனப்படாதீங்க. ஒரு வாயாவது சாப்புடுங்க" என்று தட்டை வைத்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அருக்காணி ஆபீஸ் வாசலில் நின்றாள். தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். கேட்டில் சௌக்கிதார், யாரைப் பார்க்க வேண்டும் என்று ஹிந்தியில் கேட்டான். பாருங்கள் சங்கடத்தை. வந்த காரியமே அந்தப் பெயர்தான், முதல் படியிலேயே அதுதான் குறுக்கே நிற்கிறது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய் வாங்கிக் கற்ற ஹிந்தியில் அவள், "பத்தா சிப்கானேவாலா" என்றாள். இலை ஒட்டுகிறவர். சௌக்கிதாருக்கு உடனே புரிந்துவிட்டது. நேரே கூட்டிக்கொண்டு போனான்.

கல்யாணராமன் அறையில் அவளைப் பார்த்ததும் லிங்கம் இரண்டு எட்டில் முன்னால் வந்தார். "இங்க எதுக்கு வந்த நீ?" என்றார். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை.

"கும்புடறனுங்க சார். எங்கூருக் காட்டுச் செடியெல்லாம் கொண்டாந்து வையுங்க. பேரு தெரியுதா இல்லியான்னு நீங்களே பாருங்க."

கல்யாணராமன் கொஞ்சம் தடுமாறினார். லிங்கத்திடம் அப்படிப் பேசியது அவருக்கும் உள்ளே அரித்துக்கொண்டுதான் இருந்தது. "உட்காருங்கோம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அலமாரியிலிருந்து பத்துத் தாள்களை எடுத்துவந்து, லேபிள்களைக் காகிதத்தால் மறைத்து, மேஜையில் பரப்பினார். லிங்கத்தை வாசல் பக்கம் நிற்கச் சொன்னார்.

காய்ந்து, நிறம் போய், தட்டையாகிவிட்ட செடிகள். அருக்காணி ஒவ்வொன்றின் மேலும் குனிந்தாள். இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். ஒன்றை மோந்துகூடப் பார்த்தாள். "இது வெப்பாலைங்க. இது ஊஞ்ச. இது கிளுவை. இது வெடத்தலா, முள்ளப் பாருங்க. இது நன்னாரி, இதைத் தெரியாதவிய யாரு?" தயங்காமல் சொல்லிக்கொண்டே போனாள். கல்யாணராமன் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பத்துக்குப் பத்தும் சரி.

பதினோராவதாக அந்த மூலத் தாளை வைத்தார்.

பிப்ரவரிக் குளிரில் அருக்காணியின் மேலுதட்டில் வேர்த்தது.

"சொல்லுங்கோம்மா."

"எழுதிக் காட்டறனுங்க."

அஞ்சாவது வரை படித்தவள். சார் கொடுத்த தாளில் குண்டு குண்டாக எழுதி நீட்டினாள். கல்யாணராமன் வாங்கினார். பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். லத்தீன் படிப்பார், ஜெர்மன் கட்டுரைகளைக்கூட அகராதி வைத்துக்கொண்டு படித்துவிடுவார். அம்மாவும் அப்பாவும் பேசிய பாஷையில் ஒரு வார்த்தை அவர் கையில் இருந்தது, அதைப் படிக்கத் தெரியவில்லை. "லிங்கம், இது என்ன..." என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அதை லிங்கமே படித்துச் சொன்னால் அப்புறம் அருக்காணி வந்ததற்கு என்ன அர்த்தம்? அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த வேறு ஒரு ஆள் கிடையாது. வேதாந்தம் மாமாவோ சிவராத்திரிக்குக் காசி போயிருந்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதும்மா" என்றார் கல்யாணராமன். காது மடல்வரை சிவந்துவிட்டது.

அருக்காணி நம்பவில்லை. இவ்வளவு பெரிய படிப்புப் படித்தவருக்கு இது வராதா என்று வாசலைப் பார்த்தாள். ஆமாம் என்பதுபோல லிங்கம் தலையசைத்தார். "வேண்டாம் புள்ள. வா, ஊட்டுக்குப் போலாம். எதுவோ போட்டுக்கட்டும்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது.

அதைக் கேட்டதும்தான் அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதற்குப் போக வேண்டும்? திருடினவரா அவர்? எழுந்து நின்றாள். கழுத்தில் கிடந்த தாலியைச் சேலைக்கு மேலாக இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"சோதி" என்றாள். மூச்சு வாங்கியது. "சோதிப்பூடுங்க. எங்கூர்ல அதுக்கு அதுதான் பேரு. எங்காயி சொல்லும், எங்கப்பிச்சி சொல்லும். கண்ணாலமானதுக்கப்பறம் நான்தான் சொல்றதில்ல. அவிய பொய் சொல்ற சாதி இல்லீங்க சார்."

கல்யாணராமனின் அம்மா முப்பத்தைந்து வருஷம் அப்பாவை 'ஏன்னா' என்று மட்டுமே கூப்பிட்டவள். பாங்க் பாரத்தில் புருஷன் பெயரைச் சொல்லச் சொன்னபோது மகனை முன்னால் தள்ளிவிட்டவள். இந்தப் பெண் இப்போது எதைக் கொடுத்துவிட்டு நிற்கிறாள் என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வாசலில் நின்ற லிங்கத்துக்கோ கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பெயரை அம்மா கூப்பிட்டிருக்கிறாள், வாத்தியார் அதட்டியிருக்கிறார், குமாஸ்தா கேலி செய்திருக்கிறார். அது அவ்வளவு நல்ல பெயர் என்று அவருக்கு இதுவரை தெரியாது. கண்ணில் நீர் முட்டியது. அந்துருண்டை நெடி என்று சாக்குச் சொல்லித் துடைத்துக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் துடைக்கவில்லை.

"உட்காருங்கோம்மா" என்றார் கல்யாணராமன். தான் எழுந்து கொண்டார். "லிங்கம், நேத்திக்கு நான் பேசினது தப்பு. மனசுல வெச்சுக்காதீங்கோ."

"அதனாலென்னங்க சார்" என்றார் லிங்கம். இந்தத் தடவை அது வெறும் வாய் வார்த்தையாக வரவில்லை.

சார் சிவப்பு மையை எடுத்தார். வேள்வி, வரம், ரெண்டாயிரம் வருஷம் எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரே கோடு. கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது, பாவம், ஆசையாக எழுதின அரைப் பக்கம். "லத்தீன் பேருக்கு அந்த மலையோட பேரையே வெச்சுடறேன். அதுல யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. உள்ளூர்ப் பேர்னு சோதிப்பூடு. 'சோ'வா, 'ஜோ'வாம்மா? இன்னொரு தடவை சொல்லுங்கோ."

"ஒருக்காச் சொன்னதே ஏழு சென்மத்துக்குப் போதுமுங்க சார்" என்றாள் அருக்காணி.

ஸ்பெல்லிங்கை லிங்கம்தான் சொன்னார்.

"தகவல் சொன்னவா பேர் போடணும். அதுக்கு ரூல் இருக்கு. உங்க பேர்?"

"அருக்காணிங்க" என்றாள். தன் பெயரைச் சொல்வதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

அச்சுப்படி மூணு மணித் தபாலில் போய்விட்டது. கல்யாணராமன் பெயரும் அருக்காணி பெயரும் இருந்த அந்தக் கட்டுரையில் ஜோதிலிங்கத்தின் பெயர் ஒரு மூலையிலும் இல்லை. சார் லீவு கொடுத்து இருவரையும் அனுப்பியபோது அதை அவர் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

லோதி ரோடு பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். அருக்காணி அவரை நிழலுக்கு இழுத்தாள்.

"ஏனுங்க, ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலீங்களே? நெஞ்சுக்குள்ள ஏதாச்சும் படபடன்னு?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"தலை சுத்துனாச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல புள்ள."

ஒரு பஸ் வந்தது. ஏறவில்லை. இன்னொன்றும் போயிற்று. லிங்கம் இரண்டு பக்கமும் பார்த்தார். ஸ்டாப்பில் ஒரு சர்தார்ஜியும், கடலை விற்கிற ஒருவனும்தான் இருந்தார்கள்.

"புள்ள, இன்னொருக்காச் சொல்லு."

"எதைங்க?"

"அதான், உள்ள சொன்னியே. எம் பேரு."

அருக்காணி அவரை முறைத்தாள். "நான் செடி பேரத்தானுங்க சொன்னேன். உங்க பேர எங்க சொன்னேன்?" என்றாள். சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் மணிக்கட்டை விடாமல் பிடித்து, நாடி சரியாக ஓடுகிறதா என்று வீடுவரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தாள்.